புதிதாகச் சபைக்கு வந்தவர்களுக்கு: முதலில் உங்கள் காதைத்தான் தேடி வருவார்கள்

ஒரு சபைக்குப் போக ஆரம்பித்து மூன்றாவது ஞாயிறோ நான்காவது ஞாயிறோ இது நடக்கும். ஆராதனை முடிந்து யாரிடம் பேசுவது என்று தெரியாமல் வாசலில் நிற்பீர்கள். ஒருவர் வந்து கையைப் பிடித்துக்கொள்வார். வீடு எங்கே, என்ன வேலை, பிள்ளைகள் எத்தனை பேர் என்று ஆசையாக விசாரிப்பார். மற்றவர்கள் "ஸ்தோத்திரம்" சொல்லிவிட்டு நகர்ந்துவிட, இவர் ஒருவர்தான் நின்று பேசுவார். மனசு குளிர்ந்துவிடும். கிளம்பும் நேரத்தில் குரலைத் தாழ்த்தி, "நீங்க புதுசு, உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. போகப் போகத் தெரியும்" என்பார்.

"என்ன தெரியும்?" என்று கேட்டுவிட்டால் அவ்வளவுதான்.

நான் கேட்டேன். அடுத்த எட்டு மாதம், போதகர் எதைப் பிரசங்கித்தாலும் யாரைக் குத்துகிறார் என்றே தேடிக்கொண்டிருந்தேன். காணிக்கைப் பை வரும்போது கணக்கு ஞாபகம் வரும். கடைசியில் பொறுக்க முடியாமல் போதகரிடமே போய்க் கேட்டேன். பத்து நிமிடத்தில் விஷயம் முடிந்துவிட்டது. நான் கேள்விப்பட்டதில் பாதி, ஒரு கமிட்டியிலிருந்து ஒருவரை மாற்றியதில் வந்த பழைய வருத்தம். மீதிப் பாதி உண்மைதான். ஆனால் அதை எல்லார் முன்பும் பேசி முடித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. எனக்குத்தான் எட்டு மாத ஆராதனை வீணாய்ப் போனது.

பழைய விசுவாசிகளுக்கு யார் எப்படி என்று தெரியும். கேட்டுக் கேட்டுக் காது மரத்துப்போயிருக்கும். காலியாக இருப்பது புது ஆளின் காதுதான். அதனால் இதை உங்களுக்கென்றே எழுதுகிறேன்.

ஆளை எடைபோடும் முன்

குறை பேசுகிறவர் எல்லாரையும் "பிரிவினைக்காரர்" என்று ஒரே மூட்டையில் கட்டிவிடாதீர்கள். குறைந்தது மூன்று ரகம் உண்டு.

சிலர் காயப்பட்டவர்கள். வீட்டில் துக்கம் நடந்தபோது சபையிலிருந்து யாரும் எட்டிப் பார்க்கவில்லை என்பது மாதிரி ஏதோ ஒன்று உள்ளே கிடக்கும். எதைப் பேசினாலும் சுற்றிச் சுற்றி அங்கேயே வந்து நிற்பார்கள். இவர்களுக்கு வேண்டியது உட்கார்ந்து கேட்கிற ஒரு ஆள்.

சிலருக்கு இருப்பது நியாயமான குறை. அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தில், தங்கள் விதவைகள் அன்றாட விசாரணையில் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்கர் முறுமுறுத்தார்கள். வேதத்தில் "முறுமுறுத்தார்கள்" என்றே இருக்கிறது. ஆனாலும் அப்போஸ்தலர்கள் அவர்களைக் கலகக்காரர் என்று சொல்லவில்லை. ஏழு பேரைத் தெரிந்துகொள்ளச் சொல்லி வேலையை ஒப்படைத்தார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா: ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன பக்கத்து ஆட்களிடமே பொறுப்பு போனது போலத் தெரிகிறது. முறுமுறுப்புக்கு இதைவிட நல்ல மருந்தை நான் பார்த்ததில்லை.

மூன்றாவது ரகம்தான் ஆபத்து. இரண்டாம் சாமுவேல் 15ஆம் அதிகாரத்தைத் திறந்து, தாவீது ராஜாவின் மகன் அப்சலோமைப் பாருங்கள். காலையிலேயே எழுந்து வாசலுக்குப் போகிற வழியில் நிற்கிறான். வழக்கோடு வருகிறவனை நிறுத்தி, நீ எந்த ஊர் என்று விசாரிக்கிறான். உன் வழக்கு நியாயமானதுதான், ஆனால் ராஜாவிடத்தில் அதைக் கேட்க ஆள் இல்லையே என்கிறான். நான் மட்டும் நியாயாதிபதியாக இருந்தால், என்று ஒரு பெருமூச்சு. வணங்க வருகிறவனைத் தூக்கிப் பிடித்து முத்தமும் கொடுக்கிறான். இதில் திட்டு இல்லை, கோபம் இல்லை, எல்லாமே அன்பு. அப்படித்தான் இஸ்ரவேல் மனுஷருடைய இருதயத்தைக் கவர்ந்துகொண்டான் என்று முடிகிறது அந்தப் பகுதி. பிரிக்கிறவர் சிடுமூஞ்சியாக இருப்பார் என்று எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது? நான் இரண்டு விஷயம் பார்ப்பேன். ஒன்று, இவர் தன் குறையை யாரிடம் கொண்டுபோகிறார்? சரிசெய்யக்கூடியவரிடமா, எதையுமே சரிசெய்ய முடியாத புது ஆளான என்னிடமா? இன்னொன்று, பேசி முடித்து வீட்டுக்குப் போகும்போது நான் யாருக்கு நெருக்கமாகியிருக்கிறேன்? அவருக்கு மட்டும் நெருக்கமாகி மற்ற எல்லாரிடமிருந்தும் ஓரடி தள்ளிப் போயிருந்தால், சரி, எச்சரிக்கையாகிவிட வேண்டியதுதான். இதற்கு ஒரு சந்திப்பு போதாது. மூன்று நான்கு முறை பாருங்கள்.

உம் கொட்டாதீர்கள்

வேலை எல்லாம் இங்கேதான் இருக்கிறது. யாராவது இன்னொருவரைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் கேட்க ஒரே ஒரு கேள்வி போதும்: "இதை அவர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

மொட்டையாகக் கேட்காதீர்கள், சண்டைக்கு வருவது போல இருக்கும். "கேட்கவே கஷ்டமா இருக்குண்ணே. அவர்கிட்ட பேசிட்டீங்களா?" என்று கேளுங்கள். பெரும்பாலும், "பேசி என்ன பிரயோஜனம், அவர் கேட்கிற ஆள் இல்ல" என்று பதில் வரும். அப்போது, "வாங்க, நானும் கூட வர்றேன். ரெண்டு பேருமாப் போய்ச் சொல்லிப் பார்ப்போம்" என்று சொல்லிப் பாருங்கள். உண்மையிலேயே காயப்பட்டவருக்கு முகம் மலரும். துணைக்கு ஆள் கிடைத்ததே அவருக்குப் பாதி ஆறுதல். மற்றவர் பின்வாங்குவார். "ஐயோ, நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க" என்பார். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டதும் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுங்கள்.

கொரிந்து சபையில் கட்சி கட்சியாக நின்றார்கள்: நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன், நான் கேபாவைச் சேர்ந்தவன் என்று. பவுல் அதைக் கண்டித்து எழுதும்போது, இதை எனக்குச் சொன்னது குலோவேயாளின் வீட்டார் என்று பெயரோடு எழுதிவிடுகிறார். "சிலர் சொல்லக் கேள்விப்பட்டேன்" என்ற பேச்சே இல்லை. சொன்னவர்களும் பெயர் வெளியே வர அஞ்சவில்லை. சபையில் ஒரு குறையைச் சொல்வதற்கும் கோள் சொல்வதற்கும் உள்ள கோடு இங்கே பளிச்சென்று தெரிகிறது. "நிறையப் பேர் வருத்தத்துல இருக்காங்க" என்று யாராவது சொன்னால் சாந்தமாக "யார் யார்?" என்று கேளுங்கள். எண்ணிப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டு பேருக்கு மேல் தேறாது. அதில் ஒருவர் பேசுகிறவர்.

"தப்பா நினைக்காதீங்க, ஜெபத்துக்காகத்தான் சொல்றேன்" என்று தொடங்கும் ஒரு வகை உண்டு. அதற்கு மேல் ஒரு குடும்பத்தின் முழு அந்தரங்கமும் வரும். சில ஜெபக்கூட்டங்களில் ஜெபக் குறிப்புக்கே அரைமணி நேரம் போய், ஜெபத்துக்கு ஐந்து நிமிடம்கூட மிஞ்சாது. இதற்கு நான் கண்ட வழி: "அப்படின்னா இப்பவே ஜெபிச்சிடலாம் அக்கா" என்று கண்ணை மூடிவிடுவது. பெயரும் தேவையும் மட்டும் சொல்லி இரண்டு நிமிடம் ஜெபித்து ஆமென் சொன்னால், விட்ட இடத்திலிருந்து தொடர யாருக்கும் மனசு வராது.

எதுவும் சொல்லாமல் சும்மா கேட்டுக்கொண்டிருந்தால் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். மரியாதைக்காக நீங்கள் கொட்டிய உம், நாளைக்கு "புதுசா வந்திருக்கிறவங்களும் அதையேதான் சொல்றாங்க" என்று இன்னொரு வீட்டு வாசலில் போய் நிற்கும். நீதிமொழிகள் 26:20 இதை விறகு வைத்துச் சொல்கிறது: விறகில்லாமல் நெருப்பு அவியும், கோள்சொல்லுகிறவனில்லாமல் சண்டை அடங்கும். கேட்கிறவன் இல்லாவிட்டால் கோள்சொல்லுகிறவனும் இல்லை என்று நான் சேர்த்து வாசித்துக்கொள்வேன்.

ஜெர்மனியில் தீத்ரிக் போன்ஹோஃபர் என்ற போதகர் 1935 முதல் 1937 வரை ஃபிங்கன்வால்டேயில் ஊழியர்களைப் பயிற்றுவித்தார். நாஜி ரகசியப் போலீஸ் அதை இழுத்து மூடும்வரை அங்கே ஒரு விதி இருந்தது. பக்கத்தில் இல்லாத சகோதரனைப் பற்றிப் பேசக்கூடாது. வாய்தவறிப் பேசிவிட்டால் அவனிடமே போய், உன்னைப் பற்றி இப்படிப் பேசினேன் என்று சொல்லிவிட வேண்டும். இரண்டாவது பாதியை ஒருமுறை செய்து பார்த்தேன். அடுத்த முறை வாய் தானாகவே மூடிக்கொண்டது.

வாட்ஸ்அப் பற்றிச் சுருக்கமாக: சபைக் குழுவில் விவாதம் கிளம்பினால் பதில் போடாதீர்கள், கைகூப்பும் பொம்மைகூட வேண்டாம். "நாம நாலஞ்சு பேர் மட்டும்" என்று தனிக் குழு தொடங்கி உங்களைச் சேர்த்தால் அன்றைக்கே வெளியே வந்துவிடுங்கள். ஏன் வந்தீர்கள் என்று கேட்டால், "எழுத்துல பேசினா எனக்குத் தப்பாப் புரியுது, நேர்ல பேசலாம்" என்று சொல்லுங்கள்.

உங்களையே குறிவைத்தால்

புதிதாக வந்து பாடகர் குழுவில் சேர்ந்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். "வந்து ரெண்டு மாசம் ஆகல, அதுக்குள்ள மைக் வேணுமாம்" என்று ஒரு அக்கா பேசியதாகக் காதில் விழுகிறது.

மத்தேயு 18:15 சொல்கிற இடம் "நீயும் அவனும் தனித்திருக்கையில்". நடைமுறையில் நாம் செய்வது நேர்மாறு. முதலில் நான்கு நண்பர்களிடம் புலம்புவோம், அப்புறம் போதகரிடம் போவோம், சம்பந்தப்பட்டவரிடம் மட்டும் கடைசிவரை போகமாட்டோம்.

சொன்ன ஆளிடம் முதலில் ஒன்று கேளுங்கள்: "நீங்க சொன்னதா அவங்ககிட்ட சொல்லலாமா?" வேண்டாம் என்றால், அந்தப் பேச்சைக் காதில் விழாததாக வைத்துவிடுங்கள். சரி என்றால் ஒரு இரவு தூங்கி எழுந்து, ஒரு வாரத்துக்குள் போய்விடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், பத்துப் பேர் கடந்துபோகிற இடத்தில் யாரும் மனசு திறக்கமாட்டார்கள். போனில் நேரத்தை மட்டும் கேளுங்கள், விஷயத்தைப் போனில் தொடாதீர்கள்.

நேரில் உட்கார்ந்ததும் சுற்றி வளைக்க வேண்டாம். "அக்கா, நான் பாடினதைப் பத்தி நீங்க ஏதோ வருத்தப்பட்டதா கேள்விப்பட்டேன். அது நிஜமான்னு எனக்குத் தெரியாது. உங்ககிட்டயே கேட்டுடலாம்னுதான் வந்தேன்." அவ்வளவுதான். அதற்குப் பிறகு வாயை மூடிக்கொள்ள வேண்டும், இதுதான் கஷ்டம். வருகிற மௌனம் நீளமாக இருக்கும், அதை நிரப்ப நாக்கு துடிக்கும். விட்டுவிடுங்கள். பாதி நேரம், "நான் அப்படிச் சொல்லல, இப்படித்தான் சொன்னேன்" என்று வேறொரு கதை வரும். சில சமயம், அவருடைய மகளுக்குக் கொடுப்பதாகச் சொல்லியிருந்த பாட்டை உங்களுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்பது தெரியவரும். அதற்கும் உங்களுக்கும் சம்பந்தமே இருக்காது. "நீங்க எப்பவுமே இப்படித்தானாமே" என்ற பேச்சு மட்டும் உங்கள் வாயிலிருந்து வரக்கூடாது. வந்தால் எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம், அதற்குமேல் அங்கே ஒன்றும் நடக்காது.

பேசியும் தொடர்ந்தால், ஒருவரையோ இருவரையோ கூட்டிக்கொண்டு போகச் சொல்கிறது அடுத்த வசனம். உங்கள் பக்கம் பேசுகிற ஆளைக் கூட்டிப் போனால் அது படையெடுப்பு. அவரும் மதிக்கிற ஒருவர் வேண்டும். அதுவும் பலிக்காவிட்டால் சபைக்கு. சபை என்றால் மைக்கில் அறிவிப்பது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் சபை வழக்கப்படி மூப்பர்களோ போதகரோ கமிட்டியோ, அவர்களிடம் ஒப்படைப்பது.

கடைசியில், அதற்கும் கேளாதவனை "ஆயக்காரனைப்போல", அதாவது ஊரார் வெறுத்த வரி வசூலிப்பவனைப்போல, வைத்துக்கொள் என்று வருவதைச் சிலர் ஆசையோடு பிடித்துக்கொள்வார்கள், ஒதுக்கிவைக்க அனுமதி கிடைத்ததாக. இதை எழுதிவைத்த சுவிசேஷத்துக்குப் பெயராக இருக்கிற மத்தேயுவே ஆயக்காரன்; இயேசு அவன் வீட்டில் பந்தியிருந்தார். இந்தப் பகுதிக்கு முன்னால் இருப்பது காணாமற்போன ஆடு, பின்னால் இருப்பது ஏழெழுபதுதரம் மன்னிப்பது.

போதகரிடம் எப்போது, எப்படி

நடப்பது உங்களைப் பற்றியது அல்ல, சபையையே இரண்டாக்குகிற வேலை என்றால் அதை நீங்கள் சுமக்க வேண்டாம். தீத்து 3:10 அதை ஊழியக்காரனின் பொறுப்பில் வைக்கிறது: இரண்டொருதரம் புத்திசொல்லி, கேளாவிட்டால் விலகு. நம் பழைய மொழிபெயர்ப்பில் அங்கே "வேதப்புரட்டன்" என்று இருப்பதால், தவறான உபதேசம் செய்கிறவனுக்கு மட்டும் சொன்னது என்று நினைத்துவிடுகிறோம். கிரேக்கச் சொல்லில் கட்சி கட்டுகிறவன் என்ற பொருளும் இருக்கிறது. உபதேசத்தில் ஒரு எழுத்து பிசகாதவரும் அந்த வேலையைச் செய்ய முடியும்.

போதகரிடம் போகும்போது அபிப்பிராயத்தை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். "அவர் ஆவி சரியில்ல பாஸ்டர்" என்றால் அவர் என்ன செய்வார்? "போன மாசம் ரெண்டாவது ஞாயிறு, நானும் இன்னொரு சகோதரரும் இருக்கும்போது இப்படிச் சொன்னார்" என்றால் அதைக்கொண்டு பேச முடியும். சொல்லிவிட்டு வந்தபின், என்ன நடவடிக்கை எடுத்தார்கள் என்று விசாரித்துக்கொண்டு திரியாதீர்கள். நல்ல போதகர் அதை உங்களிடம் சொல்லவும் மாட்டார்.

பிரிக்கிறவரே மேடையில் இருந்தால்?

யோவானின் மூன்றாம் நிருபத்தில் தியோத்திரேப்பு என்று ஒருவர் வருகிறார். சபையில் முதன்மையாயிருக்க விரும்பினார், யோவானை ஏற்றுக்கொள்ளவில்லை, பொல்லாத வார்த்தைகளை அலப்பினார், வந்த சகோதரரைச் சேர்த்துக்கொண்டவர்களையும் சபைக்குப் புறம்பே தள்ளினார். இத்தகையவர் கையில் "பிரிவினைக்காரர்" என்ற சொல்லே ஆயுதமாகிவிடும். காணிக்கைக் கணக்கு எங்கே என்று கேட்டால், மோசேக்கு எதிராகக் கலகம் செய்த கோராகு நீங்கள்தான் என்பார்கள். "நான் அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாமலும்" என்ற சங்கீத வசனம் பறந்து வரும். அந்த 105ஆம் சங்கீதம் பேசுவது நாடோடிகளாகத் திரிந்த ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபைப் பற்றி. கர்த்தர் கடிந்துகொண்டது அவர்களை ஒடுக்கக்கூடிய ராஜாக்களை. ஊழியரிடம் கணக்குக் கேட்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. அந்தியோகியாவில் பவுல் பேதுருவையே எல்லாருக்கும் முன்பாகக் கண்டித்தார், கலாத்தியர் 2இல் இருக்கிறது. மூப்பர்மேல் குற்றச்சாட்டை இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் ஏற்காதே என்கிற அதே ஒன்று தீமோத்தேயு 5ஆம் அதிகாரம், அடுத்த வசனத்திலேயே பாவஞ்செய்தவர்களை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள் என்கிறது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு குழந்தையிடம் யாராவது தவறாக நடந்திருந்தால், ஒரு வீட்டில் அடி உதை நடந்தால், சபைப் பணம் திருடப்பட்டிருந்தால், அது கோள் அல்ல, முறுமுறுப்பும் அல்ல. மத்தேயு 18ஐக் காட்டி, பாதிக்கப்பட்டவரைத் தனியாகப் போய்ப் பேசு என்று அனுப்புவது கொடுமை. அது போலீசுக்குப் போகவேண்டிய விஷயம். "சபை பேர் கெட்டுப்போகும்" என்று தடுக்கிறவர் எவ்வளவு பெரிய ஜெபவீரராக இருந்தாலும் கேட்காதீர்கள்.

சும்மாவே சலித்துக்கொள்கிறவர்கள்

இவர்கள் யாரையும் பிரிப்பதில்லை. ஸ்பீக்கர் சத்தம், பிரசங்கத்தின் நீளம், மின்விசிறி, பாட்டின் ராகம், எதுவும் சரியில்லை. இவர்களைத் திருத்த முயற்சிக்க வேண்டாம். பத்து நிமிடம் பேசுங்கள், சிரியுங்கள், "வர்றேன் ஐயா" என்று கிளம்புங்கள்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 6ஆம் நூற்றாண்டில் மடத்துக்கு ஒழுங்கு எழுதிய பெனடிக்ட், முறுமுறுப்பைத் திரும்பத் திரும்பக் கண்டித்தவர். அவரே, பந்தி பரிமாறுகிற சகோதரர்களுக்குச் சாப்பாட்டு வேளைக்கு முன்பாகவே கொஞ்சம் அப்பமும் பானமும் கூடுதலாகக் கொடுங்கள், முறுமுறுக்காமல் பரிமாறட்டும் என்று விதி வைத்தார். சபையில் ஓயாமல் சலித்துக்கொள்கிறவரைப் பார்த்தால், பத்து வருடமாக நாற்காலி அடுக்குகிறவராக இருக்கும். ஒரு ஞாயிறு நீங்கள் போய் அடுக்கிப் பாருங்கள். புலம்பல் பாதியாகக் குறைந்ததை நான் இப்படித்தான் கண்டேன்.

விட்டுப் போவதென்று ஆகிவிட்டால்

முதல் வருடத்தில் இந்த முடிவை எடுக்காமல் இருப்பது நல்லது, மேலே சொன்ன ஆபத்தான விஷயங்கள் இருந்தாலொழிய. எல்லாம் செய்தும் முடியவில்லை என்றால் போகலாம். அதில் பாவம் ஒன்றும் இல்லை. மாற்கை அழைத்துப் போவதா வேண்டாமா என்று பவுலுக்கும் பர்னபாவுக்கும் கடுங்கோபமே மூண்டு, ஆளுக்கொரு திசையாகப் பிரிந்தார்கள். பிற்பாடு அதே மாற்கைக் கூட்டிக்கொண்டு வா, ஊழியத்தில் எனக்குப் பிரயோஜனமுள்ளவன் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதினார்.

போகும்போது போதகரிடம் நேரில் சொல்லிவிட்டுப் போங்கள். காரணம் கேட்டால் ஒன்றோ இரண்டோ சொல்லுங்கள், பத்து வேண்டாம். கையில் பொறுப்பு இருந்தால் ஆள் கிடைக்கும்வரை ஒரு மாதம் இருந்து ஒப்படையுங்கள். யாரையும் கூட அழைக்காதீர்கள். "நீங்க போனா நாங்களும் வர்றோம்" என்று சொல்கிறவர்களிடம், "இல்லைங்க, நீங்க உங்க முடிவைத் தனியா எடுங்க" என்று சொல்லிவிடுங்கள்.

புதுச் சபைக்குப் போன மூன்றாவது ஞாயிறோ நான்காவது ஞாயிறோ, யாராவது வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தச் சபையை ஏன் விட்டீங்க? அங்கே என்ன பிரச்சினை?" என்று கேட்பார். பதிலை வீட்டிலிருந்தே தயார் செய்துகொண்டு போங்கள். நான் சொன்னது இது: "அங்கே எனக்கு ஜெபிக்கக் கற்றுக்கொடுத்தாங்க. இங்கே வாலிபர் கூட்டம் என்னைக்கு நடக்குது?"